பிறந்த ஊர்ப் பக்கம்

எங்கள் ஊர்ப் பந்தாட்ட மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. இரண்டு சவுக்குக் கம்பு, மேலே குறுக்காக ஒரு கயிறு, அவ்வளவுதான். பந்து உள்ளே போனதா, ஓரமாய் வெளியே போனதா என்பதைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பார்த்தவர்கள் எல்லாரும் அவரவர் ஊருக்காகத்தான் பார்த்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் அந்தக் காலத்துப் பொங்கல் பந்தாட்டங்களில் மண்டை உடைந்ததற்கெல்லாம் அந்த வலை இல்லாததுதான் காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வலை கட்டலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வலை இருந்தால் சண்டைக்கு எங்கே போவது?

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. ஊருக்குள் பந்தைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. பட்டாளத்தில் சில வருசம் இருந்து, முழங்கால் கெட்டுத் திரும்பியவர். தன்னால் ஓட முடியாததால் ஊர்ப் பையன்களை எல்லாம் ஓடவிட்டார். அவர் ஆரம்பித்ததுதான் காணும் பொங்கலுக்கு நடக்கும் போட்டி. பக்கத்து ஊர்களும் சேர்ந்துகொண்டன. கடைசி ஆட்டம் என்றால் அது பெரும்பாலும் எங்கள் ஊருக்கும் மேற்கே நாலு மைலில் இருந்த அம்மாவின் ஊருக்கும்தான். இரண்டும் கொண்டு கொடுத்த ஊர்கள். பெண் எடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள், வருசத்தில் ஒரு நாள் அடித்துக்கொள்வார்கள்.

முந்தின வருசம் அது எல்லை மீறிவிட்டது. ஒரு பந்து கம்பை உரசிக்கொண்டு போனது. அவர்கள் கோல் என்றார்கள், நாங்கள் இல்லை என்றோம். பொங்கல் என்பதால் ஆளுக்கொரு கரும்பு கையில் இருந்தது. அதுவரை கடித்துத் துப்பிக்கொண்டிருந்த கரும்பை அப்படியே திருப்பிப் பிடித்தார்கள். பிறகு கல் பறந்தது. அம்மா கைக்குழந்தையாய் இருந்த தம்பியை மாரோடு அணைத்து, என்னை இழுத்துக்கொண்டு ஒரு மாட்டுவண்டிக்கு அடியில் புகுந்தாள். அங்கே எங்களுக்கு முன்பே ஆட்டத்துக்கு விசில் ஊதிய ரெப்ரி உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு மாமாவுக்குப் புருவத்தில் கல் பட்டுத் தையல் போட்டார்கள். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவளுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். கல்லை எறிந்தது என் அப்பா என்று அந்த ஊர் சொன்னது. நான் எறியவே இல்லை என்று அப்பா சொன்னார். உச்சிக் கொம்பிலிருக்கும் புளியங்காயை ஒரே கல்லில் விழவைப்பவர் அப்பா என்பது அம்மாவுக்குத் தெரியும்.

இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். அந்த வருசத் தீபாவளிச் சீர் வரவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், தம்பியின் காது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் மடி இல்லாமல் குத்தினால் அது காதுகுத்து இல்லை, வெறும் ஓட்டை. ஒன்றுவிட்ட மாமன் ஒருத்தரை வைத்துக் குத்திவிடலாம் என்று அப்பா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அம்மா உலைமூடியை ஓங்கி வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. தம்பிக்கு ஒன்றரை வயதாகியும் காது மூளியாகவே இருந்தது.

அடுத்த பொங்கல் வந்தது. ஒரு கல் விழுந்தாலும் இனிமேல் ஆட்டமே கிடையாது என்று போலீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வாசலில் கூட்டம் போட்டார்கள். ரெண்டு ஊருக்கும் நடுவில் கயிறு கட்டுவோம் என்றார் ஒருவர். அந்த ஊரையே கூப்பிட வேண்டாம் என்றார் இன்னொருவர். கடைசியில், பொம்பளைகளும் பிள்ளைகளும் மைதானத்துக்கு வரவேண்டாம் என்பதில் வந்து நின்றார்கள்.

காப்பி எடுக்க அடுப்படிக்கு வந்த சித்தப்பாவிடம் அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, பொம்பளைக வரலைன்னா கல்லு இன்னும் சௌகரியமாப் பறக்கும். நான் சொல்றதக் கேளுங்க. அவளவ பிள்ளைகளோட அவளவ பெறந்த ஊர்ப் பக்கம் போயி உக்காரட்டும். தம் பொண்டாட்டி பிள்ளை இருக்குற பக்கம் எவன் கல்லெறிவான்?"

சித்தப்பா டம்ளரை எடுத்துக்கொண்டார். பிறகு வெளியே போய், பட்டாளத்தில் இப்படித்தான் செய்வார்கள் என்று ஆரம்பித்து அதை அப்படியே சொன்னார். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"எம் பொண்டாட்டி உக்கார்ற எடத்த மட்டும் காட்டிருங்கண்ணே, ரெண்டு கல்லு சேத்தே எறியுறேன்" என்றார் ஒருவர். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறியது. அந்த ஊரும் ஒத்துக்கொண்டது. குடும்பங்களைக் காப்பாற்ற ஆண்களுக்குக் கிடைத்த வேலி, அதே குடும்பங்கள்தான்.

எனக்கு மட்டும் உடன்பாடில்லை. சித்தப்பாவின் அணிக்காக உயிரையே கொடுக்க இருந்தவள் நான். நான் போய் எதிரிப் பக்கம் உட்காருவதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் மூன்று நாள் மைதானத்தில் கல் பொறுக்கினோம். நான் மட்டும் ஒன்றிரண்டை வேண்டுமென்றே கீழேயே விட்டுவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டத்தன்று சித்தப்பா மைதானத்து வாசலில் நின்று கரும்புகளைப் பிடுங்கி வைத்தார். அம்மா பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். இடுப்பில் தம்பி, தூக்குவாளியில் பணியாரம், பின்னால் நான். ஊரே பார்க்க, மைதானத்தின் குறுக்கே நடந்து மேற்குப் பக்கம் போய், மாமாவுக்குக் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கீகளாண்ணே?"

மாமா பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து இன்னும் மைதானத்துக்கே வந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் பேசினார். "ஏத்தா, பிள்ள மூஞ்சில வெயில் அடிக்குது பாரு. ஒங்காத்தாவ இங்கிட்டுத் தள்ளி உக்காரச் சொல்லு."

அம்மா தள்ளி உட்கார்ந்தாள். "ஒங்க மாமாவப் பணியாரம் திங்கச் சொல்லு" என்றாள்.

"பசிக்கலன்னு சொல்லு."

"பசிக்கலன்னாலும் ஒண்ணாச்சும் எடுத்துக்கிறச் சொல்லு."

ஒரு முழத் தூரத்துக்கு நான் தபால்காரி வேலை பார்த்தேன். ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்கக்கூட முடியவில்லை. நடுநடுவே அம்மா வேறு, "இன்னும் எம்புட்டு நேரம்டி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் பால் கறக்க வேண்டுமே என்ற கவலை போலும் என்று நினைத்து, "இந்தா முடியப் போகுதும்மா" என்று ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொன்னேன்.

ஆளுக்கு ஒரு கோல் ஆகியிருந்தது. முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர்களில் ஒருவன் ஓங்கி உதைத்தான். பந்து கம்பை உரசிக்கொண்டு போனது. மேற்கே "கோலு!" என்று கத்தினார்கள். கிழக்கே "இல்ல!" என்று கத்தினார்கள். ரெப்ரி விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். எதிர்ப்பக்கம் ஆண்கள் எழுந்தார்கள். முன்வரிசையில் அப்பா நிற்பது எனக்குத் தெரிந்தது. எங்களைச் சுற்றியும் எழுந்தார்கள். மாமா இடுப்பு வேட்டிச் சுருட்டை அவிழ்த்து ஒரு கல்லை எடுத்தார். மூன்று நாள் நாங்கள் பொறுக்கியது வீண். மனுசன் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்.

அம்மா எழுந்தாள். "பிடிங்கண்ணே" என்று தம்பியை அவர் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

கல் கீழே விழுந்தது. மாமா இரண்டு கையாலும் தம்பியை வாரிப் பிடித்தார்.

"பிள்ள விழுகுதே, கிறுக்கச்சி!" என்று கத்தினார். ஒரு வருசத்துக்குப் பிறகு தங்கையிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"விழ விட்ருவீகளா?" என்றாள் அம்மா.

மாமா உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த ஒரு பெண் இதைப் பார்த்தாள். தன் பிள்ளையைத் தூக்கித் தன் தம்பி கையில் திணித்தாள். அடுத்தவளும் அப்படியே செய்தாள். கொஞ்ச நேரத்தில் மேற்குப் பக்கத்துச் சண்டியர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவித்தார்கள். எதிர்ப்பக்கமும் அது பரவியது. மைதானம் முழுக்கப் பிள்ளைகளின் அழுகைதான் கேட்டது. ரெப்ரிக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. விசிலை ஊதி, கோல் என்றார்.

நாங்கள் தோற்றோம். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊருக்குச் சோறாக்கிப் போடுகிறவள், எதிரி கோல் போட்டதற்குச் சிரிக்கிறாள்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. ஒரு கல்கூட விழவில்லை. கிழக்கே சித்தப்பாவுக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா, மைதானத்தின் நடுவில் சுண்ணாம்புக் கோடு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டார். தம்பி மாமாவின் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடிக் களைத்து, அவர் மடியிலேயே தூங்கிப் போயிருந்தான். மாமா எழுந்திருக்கவில்லை. பிள்ளையைக் கொடுங்கள் என்று அம்மாவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் காலியான மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் வலதுகை தம்பியின் காதை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

பிற்பாடு ஆவணியில் குலதெய்வக் கோயிலில் தம்பிக்குக் காது குத்தினார்கள். மாமாதான் மடி கொடுத்தார். அப்பா முன்னால் நின்று மாமாவுக்கு வேட்டி கட்டிவிடாத குறையாக உபசரித்தார். ஆனால் அதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கும் தெரியாது. அவளுக்குக் கிடைத்தது அந்தச் சாயங்காலம் மட்டும்தான்.

எனக்குத் தோற்ற ஆத்திரம். "ஆட்டந்தான் முடிஞ்சு போச்சுல்ல, எந்திரிம்மா!" என்று கத்தி, மாமா மடியில் கிடந்த தம்பியை வெடுக்கென்று தூக்கினேன். அவன் விழித்துக்கொண்டு வீல் என்று அலறினான். மாமா கையை எடுத்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு, மேற்கே பார்த்து நடந்துவிட்டார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பா முன்னே போக, அவள் பின்னால் நடந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே வந்தாள். நம்ம ஊர் தோற்றதற்குத்தான் அழுகிறாள், என்ன இருந்தாலும் நம்ம ஊர்க்காரிதான் என்று நினைத்து, அந்தச் சிரிப்பை நான் பெரிய மனதோடு மன்னித்துவிட்டேன்.