ஐந்தரை மணி செக்கப்

முதல் நாள் ஒருத்திகூட வரவில்லை. துணை சுகாதார நிலையத்து வாசலில் மேசை போட்டு, பிபி கருவியும் தடுப்பூசிப் பெட்டியும் வைத்துக்கொண்டு நானும் டாக்டர் மெர்சியும் உட்கார்ந்திருந்தோம். வேலை முடிந்து ஏலத்தோட்ட ஜீப்புகள் வந்து நின்றன. பெண்கள் இறங்கினார்கள், எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கம்பத்தை அடுத்த கூடலூர் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள் நான்; இது அதற்கு முன்னால் நடந்தது. எங்கள் பகுதியில் கர்ப்பிணிகளுக்கான மாதப் பரிசோதனை, அதாவது ஏஎன் செக்கப், எப்போதும் காலை பத்து மணிக்குத்தான். விடியுமுன்னே ஜீப் ஏறிக் குமுளி தாண்டித் தோட்ட வேலைக்குப் போகிறவள் பத்து மணிக்கு எங்கிருந்து வருவாள்? ஆனாலும் மீட்டிங்கில், "இந்த ஊர்ப் பொம்பளைகளுக்கு அக்கறை கெடையாது" என்று ஒரே பாட்டுதான்.

டாக்டர் மெர்சி ராயப்பன்பட்டிக்காரர். வட்டார மருத்துவ அலுவலர் பொறுப்பைத் தற்காலிகமாக அவரிடம் கொடுத்திருந்தார்கள். சீனியாரிட்டியில் அவர்தான் முதல். ஆனால் அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை, அதனால் தற்காலிகம். வந்ததும் செக்கப்பை மாலை ஐந்தரைக்கு மாற்றினார். சுகாதார ஆய்வாளர் முத்தையா சாருக்கு அது பிடிக்கவில்லை.

"டாக்டரம்மா, ஒங்களுக்கும் வீடு, புள்ள குட்டி இருக்கு. எதுக்கு இந்த வம்பு? இது தோத்துச்சுன்னா, பொம்பளைக்குப் பொறுப்பக் குடுத்ததே தப்புன்னுல்ல பேசுவாக!"

"பேசட்டும் சார்," என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே.

ஆண் டாக்டர் போட்ட கேம்ப் படுத்துக்கொண்டால் கேம்ப் படுத்தது என்பார்கள். இவர் போட்டது படுத்தால் பெண்களுக்கே நிர்வாகம் வராது என்பார்கள். எனக்குத்தான் கோபமாக வந்தது.

அடுத்த தடவை டாக்டர் நேரே ஜீப்பிடம் போய்விட்டார். பேச்சியம்மாள் என்று ஏழு மாதக் கர்ப்பிணி இறங்கினாள். அட்டைக்கும் முள்ளுக்கும் பயந்து சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.

"ஏத்தா, ரெண்டே நிமிசம் வந்துட்டுப் போ," என்றார் டாக்டர்.

"இந்தக் கோலத்துலயா? ஒடம்பெல்லாம் மருந்தடிச்ச வாடை. குளிக்காம ஒங்க கட்டில்ல எப்பிடிப் படுக்க? வீட்டுக்குப் போயிட்டாலோ அடுப்புதான், திரும்ப வர முடியாது டாக்டரம்மா."

இவ்வளவுதான் விஷயம். உள்ளே ஒரு குளியலறை உண்டு. அதிகாரிகள் வந்தால் மட்டும் திறப்போம்.

"சிஸ்டர், அதத் திறங்க," என்றார் டாக்டர்.

வாளியும் சோப்பும் எடுத்து வைத்தேன். குளித்துவிட்டுக் கட்டிலில் வந்து படுத்த பேச்சியம்மாளுக்கு பிபி எகிறிக் கிடந்தது. கால் இரண்டும் வீக்கம். 108-ஐக் கூப்பிட்டு, டாக்டரே கூட ஏறிக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்தாகியிருக்கும். பெற்றுப் பிழைத்தாள். பெண் குழந்தை.

அந்தச் செய்தி ஜீப் ஜீப்பாகப் பரவியது. குளியலறைக்குக் கியூ நின்றது. ஒரு நாள் தண்ணீர் மோட்டார் நின்றுபோனபோது, மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்தவர் முத்தையா சார்தான். "ஏத்தா, இடிக்காம வரிசையா நில்லுங்க!" என்று அதிகாரம் வேறு. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

டாக்டருடைய பொறுப்பை நிரந்தரமாக்கும் ஆர்டர் ஒருவழியாக வந்தது. டாக்டர் போன் செய்தார். "சிஸ்டர், தற்காலிகம் போயிருச்சு. நாற்காலி நமக்குத்தான்." நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு நிம்மதி.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெண்கள் வரவில்லை என்று மீட்டிங்கில் யாராவது சொன்னால், எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அந்த மணியைக் குறித்தபோது அந்த அறையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.