முதல் வேட்டைப் பறவை தேடி ரோவிலுக்குப் போன கதை

வேட்டைப் பறவை ஒன்றைப் பழக்க விரும்புகிறவர்கள் அவ்வப்போது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள்: முதலில் எதை எடுப்பது, எங்கே போய்ப் பார்ப்பது? நான் இதற்காக ஒரேயொரு தடவைதான் பயணம் போனேன். 1977 செப்டெம்பர் கடைசியில், சிட்னியிலிருந்து மெல்பேணுக்கு. போன இடத்தில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். நான் சொல்லும் கட்டணங்களை நம்பி மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அந்தக் காலம் மலையேறிவிட்டது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சிட்னியில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. காலையில் ஒரு "குட் மோர்னிங்", மாலையில் ஒரு "சீ யூ", நடுவில் இரத்தக் குப்பிகள். வெள்ளி மாலை மூடிய வாயைத் திங்கள் காலைதான் திறப்பேன். தனிமை என்று சொல்ல அன்று வெட்கப்பட்டேன். இப்போது வயது போய்விட்டது, வெட்கமும் போய்விட்டது, சொல்கிறேன்: சாப்பிட்ட கோப்பையைக் கழுவும்போது அழுகை வருகிற அளவுக்குத் தனிமை.

ஆய்வுகூடத்து யன்னலுக்கு வெளியே ரயில் பாதை. ஒருநாள் அதன்மேல் ஒரு சின்னப் பருந்து, காற்றில் ஒரே இடத்தில் நின்றபடி இறக்கை அடித்துக்கொண்டிருந்தது. பெயர் கெஸ்ட்ரல் என்று கூட வேலை செய்தவர் சொன்னார். நூலகத்தில் போய்ப் புத்தகம் எடுத்தேன். வேட்டைப் பறவையை வெட்டவெளியில் பறக்கவிட்டு விசில் அடித்தால் அது திரும்பி உங்கள் கைக்கு வரும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியில் விழுந்தவள்தான். கூப்பிட்டால் வருகிற உயிர் ஒன்று எனக்கு வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இந்த நாட்டில் காட்டுப் பறவையைப் பிடித்து வளர்க்க முடியாது. காயப்பட்டு வந்ததை அனுமதியோடு பராமரிக்கலாம், பழையபடி பறக்கப் பழக்கலாம். மெல்பேணின் ஓரத்தில், ரோவில் என்ற இடத்தில், அந்த அனுமதியோடு இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து மிருகவைத்தியர், சிவநேசன். என் மச்சாளின் வகுப்புத் தோழர். அன்றைக்கு இரண்டு நகரத்துத் தமிழர்களையும் சேர்த்தாலும் ஒரு கல்யாணப் பந்திக்குக் காணாது, ஆகவே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "வந்து பாருங்கோ, உங்களுக்குப் பொருத்தமானது எது எண்டு பாப்பம். சரிவந்தால் அனுமதிக்கு நானே எழுதித் தாறன்" என்று தொலைபேசியில் சொன்னார்.

வியாழன் இரவு எட்டு மணிக்கு சிட்னி சென்ட்ரலில் ஏறினால், வெள்ளி காலை ஒன்பது மணிக்கு மெல்பேண். ஏறக்குறைய 960 கிலோமீற்றர். இருக்கை மட்டும் உள்ள டிக்கெட்டுக்கு இருபத்தைந்து டொலருக்குச் சற்றுக் குறைவு. இரவு கம்பளி கொண்டு போங்கள், பெட்டியில் வெப்பம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அடிக்கும், அது நீங்கள் இருக்கிற பக்கமாக இராது. மெல்பேணிலிருந்து டண்டினோங் வரை நகர ரயில், ஒரு மணி நேரம். அங்கிருந்து ரோவிலுக்கு டாக்சி.

டாக்சிக்காரர் கிரேக்கர். எங்கே, யாரிடம், ஏன் என்று எல்லாம் கேட்டார். பருந்து பழக்கப் போகிறேன் என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தனியாகவா இருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம்."

"அப்படியென்றால் நாய் வாங்கு, அது உன்னை விரும்பும். பருந்து யாரையும் விரும்பாது."

கூலியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கூட வாங்காமல் இறங்கினேன்.

இன்றைக்கு ரோவில் என்றால் வரிசை வரிசையாக வீடுகள், அதில் பாதி வீட்டு வாசலில் தமிழ்ச் செருப்புகள். அன்று அது புல்வெளி. கம்பி வேலி, மாடு, தூரத்தில் நீல மலை, அதற்குமேல் காற்று. டொக்டரின் வீடு அந்தப் புல்லின் நடுவே ஒற்றையாக நின்றது. அவருடைய மனைவி மலர் அக்கா படியிலேயே காத்திருந்தார். "வாரும், வாரும். களைச்சுப் போய் வந்திருப்பீர், முதல்ல தேத்தண்ணியைக் குடியும்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகவே 960 கிலோமீற்றர் வரலாம் போலிருந்தது.

டொக்டரிடம் அப்போது மூன்று பறவைகள். முதலாவது நான் ஆசைப்பட்ட கெஸ்ட்ரல், ஒரு கண் பார்வை இல்லாதது. புறாவை விடவும் சிறியது. சிட்னியில் என் மாடி வீட்டுக்கு ஏற்ற அளவு என்று உடனே தீர்மானித்துவிட்டேன்.

"எல்லாரும் விடுற முதல் பிழை இதுதான்" என்றார் டொக்டர். "சின்னது லேசு எண்டு நினைப்பினம். பசி இருந்தால்தான் பறவை கைக்கு வரும், அதாலை நிறையைப் பாத்துப் பாத்துத் தீன் போடவேணும். பெரிய பறவையெண்டால் கொஞ்சம் கூடிக் குறைஞ்சாலும் தாங்கும். இதுக்கு ஒருநாள் கணக்குப் பிழைச்சால் அடுத்தநாள் விடியச் செத்துக் கிடக்கும்."

இரண்டாவது கோஸ்ஹாக், பருந்தினத்தில் மகா முரடு. மஞ்சள் கண். நான் தும்மியதற்குக் கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்கியது. "இது பத்து வருசம் பறவை வைச்சிருந்தவைக்கே தண்ணி காட்டும்" என்றார். மூன்றாவது பழுப்பு ஃபால்கன், வல்லூறு இனம். இறக்கை முறிந்து வந்து, ஒட்டி, நான்கு மாதமாகப் பயிற்சியில் இருந்தது. நான் கிட்டப் போனபோது அது அசையவில்லை, நான் ஏதோ வேலிக்கட்டை என்பதுபோல என்னைத் தாண்டிப் புல்லைப் பார்த்தது. "நிதானமான சீவன். பிழை விட்டாலும் பொறுக்கும். தொடங்கிறவைக்கு நான் இதைத்தான் சொல்லுவன். ஆனால் ஒண்டு, தானா இரை பிடிக்கத் தெரியும் எண்டு கண்டால் நான் விட்டிடவேணும். இதுவரைக்கும் பிடிக்கேல்லை."

பிடிக்காமலே இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அன்று மாலை அவர் சொல்லித் தந்தார்: தடித்த தோல் கையுறையை இடக்கையில் போடுவது, எலித் துண்டை விரலிடுக்கில் பிடிப்பது, பறவை தரையில் இரையோடு இருந்தால் முழங்காலில் தவழ்ந்து, கண்ணைப் பார்க்காமல், மெதுவாகக் கிட்டப் போவது. ஃபால்கன் என் கையில் ஏறி நின்றது. அரைக் கிலோச் சீனிப் பை அளவு பாரம். எனக்கு இதுதான் என்று இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். மலர் அக்கா கைதட்டினார்.

அடுத்தநாள் புரட்டாதிச் சனி. எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார், ஆகவே விரதம் தவறவிடுவதில்லை. எள்ளெண்ணெய் எரிக்க சிட்னியில் அன்று கோயில் இல்லை. மிஞ்சியது காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவது மட்டும்தான். அதையும் யன்னலில் வைக்கப்போய், கீழ்வீட்டுக்காரி முறைப்பாடு செய்து நின்றுபோயிருந்தது. ரோவிலிலோ கேட்பாரில்லை, வீட்டைச் சுற்றிய வளவெல்லாம் நமது.

விரதத்தோடு எலியைத் தொடக்கூடாது என்று மலர் அக்கா மறித்தார். ஆகவே அன்று மத்தியானம் டொக்டர் தானே கையுறையைப் போட்டுக்கொண்டு முன்பக்கப் புல்வெளிக்குப் போனார். முதன்முறையாகக் கயிறு கட்டாமல் ஃபால்கனைப் பறக்கவிடும் நாள். அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால் நானும் மலர் அக்காவும் வேலிக்கட்டையில் வாழையிலை இல்லாத குறைக்குக் கோவா இலை, அதுதான் முட்டைக்கோசு இலை, விரித்து, சோறும் பருப்பும் எள்ளும் வைத்து, "கா, கா" என்று வாயாரக் கூப்பிட்டோம். இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

வந்தன. முதலில் இரண்டு, பிறகு எங்கிருந்தென்று தெரியாமல் பத்துப் பன்னிரண்டு. இந்த நாட்டுக் காகம் குழந்தை சிணுங்குவதுபோல இழுத்துக் கத்தும். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சோற்றில் வாய் வைத்த காகம் ஒன்று நிமிர்ந்து புல்வெளிப் பக்கம் பார்த்தது. பருந்தைக் கண்டால் காகம் சும்மா விடாது என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் கணத்தில்தான் நினைவு வந்தது.

எல்லாக் காகமும் ஒன்றாக எழும்பி, டொக்டரை நோக்கிப் பறந்துகொண்டிருந்த ஃபால்கன்மேல் விழுந்தன. அது ஒருபக்கம் சரிந்து, மரங்களுக்கு மேலாக மலைப் பக்கம் போய் மறைந்தது. விசில் அடித்தபடி டொக்டர் ஓடினார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"இவ்வளவு காகம் என்னண்டு வந்தது?"

"நான் காகத்துக்கு வைச்சனான், டொக்டர்."

"நானும்தான் கூப்பிட்டனான்" என்றார் மலர் அக்கா.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு வருசமா இந்த வளவிலை காகத்தைக் கலைக்கிறன்" என்று மட்டும் சொன்னார். பிறகு விஷயத்தைச் சொன்னார்: அதன் காலில் தோல்வார் இருக்கிறது. மரக்கிளையில் அது சிக்கினால் தலைகீழாகத் தொங்கியே சாகும்.

இருட்டும்வரை தேடினோம். தூரத்துத் தெருக்களில் ஒரு சனமில்லை, அன்று இறுதியாட்டம், எல்லா வீட்டிலும் ரேடியோவில் கால்பந்து கத்திக்கொண்டிருந்தது. அன்று விரதச் சோறு எனக்கு இறங்கவில்லை.

ஞாயிறு காலை டொக்டர் காரில் மலைப் பக்கம் போனார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மலர் அக்காவின் ரப்பர் பூட்ஸுடன் வேலியோரமாக நடந்தேன். இடக்கையில் கையுறை, பையில் செத்த எலி. மாடுகளைத் தவிர யாரும் இல்லை. விசில் அடித்து அடித்து உதடு காய்ந்தது. "வாவன், வாவன்" என்று தமிழில் கூப்பிடத் தொடங்கினேன். பறவையைத்தான் கூப்பிட்டேனா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

மாடு தண்ணீர் குடிக்கும் குளமொன்றின் கரையில் அது நின்றது. தரையில். காலடியில் ஒரு எலி, எங்கள் எலி அல்ல, சூடான எலி. முழங்காலில் விழுந்தேன். சேறு, ஈரம், மாட்டுச் சாணம் எல்லாவற்றுக்கும் மேலாகத் தவழ்ந்தேன். கையுறையில் எங்கள் எலியைப் பிடித்து அதன் நெஞ்சருகே வைத்தேன். கொஞ்சம் யோசித்தது. ஏறியது. வாரை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்து அழுதேன். இந்த நாட்டில் என்னிடம் வந்த முதல் உயிர் அது. எலிக்காக வந்தது என்று தெரியும், தெரிந்தும் அழுதேன்.

வீடு வரும் வழியெல்லாம் அது என் முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை. புல்லையே பார்த்தது.

டொக்டர் இறக்கையை விரித்துப் பார்த்தார், தொண்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "தானாப் பிடிச்சுத் திண்டிருக்கு. வடிவாத் திண்டிருக்கு" என்றார். அவருக்குச் சந்தோஷம். பிறகு என்னைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

"இவளிட்டைக் குடுங்கோவன்" என்றார் மலர் அக்கா. "செட்டை இன்னும் பலப்படேல்லை எண்டு எழுதினால் ஆர் கேக்கப்போகினம்? பாவம், தனிய இருக்கிறாள்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

எனக்கு அது வேண்டும். வயிற்றுப் பசிபோல வேண்டும். ஆனால் என் மாடி வீட்டை நினைத்துப் பார்த்தேன். காலையில் நான் கதவைப் பூட்டிக்கொண்டு போவேன். மாலையில் வரும்வரை அது சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அந்தச் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒரு தனிமையே போதும்.

"வாரை வெட்டிவிடுங்கோ டொக்டர்" என்றேன்.

அவர் என் கையில் வைத்தே இரண்டு வாரையும் கத்தரித்தார். அது கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. எலியின் வாலை விழுங்கி முடித்தது. பிறகு போனது. திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

இப்போது உங்களுக்கு. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அன்றிலிருந்து நிறைய மாறியும் இருக்கிறது, ஆகவே முதலில் உங்கள் மாநில வனவிலங்குத் திணைக்களத்தைக் கேளுங்கள். கண்டவரிடம் குஞ்சு வாங்காதீர்கள். பறவை பராமரிக்கும் இடம் ஒன்றில் ஒரு வருடம் கூடு கழுவிப் பாருங்கள், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது ஆசைதான். சின்னதாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், வடிவாக இருக்கிறதே என்றும் எடுக்காதீர்கள். நிதானமானதை எடுங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் எதையும் எடுக்காதீர்கள். சனி விரதக்காரர் காகத்துக்கு வைப்பதை வேறு வளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்சிக்காரர் சொன்னது சரியா என்று கேட்பீர்கள். சரிதான். எனக்கு நாய் பிடிக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஞாயிறு இரவு ரயிலுக்கு மலர் அக்கா காரில் கொண்டுவந்து விட்டார், சாப்பாட்டுப் பார்சலைத் தந்தார். பெட்டியில் ஏறி, யன்னலோரம் இருந்து, கை காட்டினேன். அவர் ஓடிவந்து யன்னலைத் தட்டினார்.

"பிள்ளை, டொக்டரின்ரை கையுறை" என்றார். "அதைக் கழட்டித் தாரும்."