மட்டையில் பூட்டிய ஸ்கோப்

நெவில் டாக்கெட்டுக்குச் சண்டை என்றாலே ஆகாது. மெக்கன்சிச் சீமையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். காலையும் மாலையும் முதுகுக்குப் பின்னால் கேட்கிற கூச்சலே ஆயுசுக்கும் போதும் என்பான். யாராவது குரலை உயர்த்தினால் "நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அப்படி நகர்ந்து நகர்ந்தே மலைக் குடிசையின் அடுப்படிக்கு வந்து சேர்ந்தான்.

ஏப்ரலில் கலைமான்கள் பெட்டையைத் தேடி முக்காரம் போட ஆரம்பித்ததும் ஊரில் பாதி ஆண்கள் துப்பாக்கியோடு மலையேறிவிடுவார்கள். நெவில் தன் மனைவி ரோஸ்லினின் அண்ணன் மெர்வோடு போவான். நெவிலிடம் இருந்தது மாமா விட்டுப்போன பழைய ரைபிள். நேரே குறி வைத்தால் குண்டு இடப்பக்கம் எங்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி போகும். மான் அடிக்காதவன்தான் சமைக்க வேண்டும் என்பது குடிசைச் சட்டம். சட்டத்தைப் போட்டவன் மெர்வ். வருஷா வருஷம் மெர்வ் மானோடு வருவான், நெவில் உருளைக்கிழங்கு தோல் சீவுவான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆனால் போன வருஷம் மதுக்கடையில், நாலு பேர் முன்னால், மெர்வ் அவன் தோளில் கை போட்டு "இவன்தான் எங்க சமையக்காரன்" என்று அறிமுகம் செய்து வைத்தான். நெவில் சிரித்துவைத்தான். வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அடுத்த ஏப்ரலில் போனால் வேட்டைக்காரனாகத்தான் போவது, இல்லையென்றால் போவதே இல்லை என்று ரோஸ்லினிடம் சொன்னான்.

"துணி துவைக்கிற மிஷின் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும், அந்தக் காச எடுத்துக்கோ" என்றாள் ரோஸ்லின். "ஆனா அதுக்கு மேல ஒரு டாலர் கேட்டே, உன்னையே மிஷினுக்குள்ள போட்டுச் சுத்திடுவேன்."

கையில் இருக்கிற காசுக்குத் தூரத்தில் அடிக்கிற ரைபிள் எது, அதன் மேல் மாட்டிக் குறி பார்க்கிற தூரக் கண்ணாடியான ஸ்கோப் எது என்று நெவில் அந்தக் குளிர்காலம் முழுக்க விசாரித்தான். ஊரில் துப்பாக்கி இல்லாதவன் உண்டு, துப்பாக்கியைப் பற்றிக் கருத்து இல்லாதவன் இல்லை. ஆறரை மில்லிமீட்டர் குண்டு போடுகிறதை வாங்கு என்றான் ஒருவன். அது குருவி சுடத்தான் லாயக்கு, ஏழு வாங்கு என்றான் இன்னொருவன். ஏழு வாங்கினால் தோள் கழன்றுவிடும் என்றார் பல் வைத்தியர். குழல் நீளமா குட்டையா, பிடிக்கட்டை மரமா பிளாஸ்டிக்கா, எல்லாவற்றிலும் அடிதடி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊரே ஒரே குரலில் பேசியது: "கண்ணாடியில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத."

சண்டை பிடிக்காதவன் என்ன செய்வான்? எதில் சண்டை இல்லையோ அதை வாங்கினான். துப்பாக்கிக் கடைக்காரன் கிளைவிடம் இருந்ததிலேயே உசத்தியான ஸ்கோப். மிஷின் காசு மொத்தமும் போய், போதாதற்கு மாமாவின் ரைபிளையும் அங்கேயே தள்ளிவிட வேண்டியதாயிற்று.

"சரி, துப்பாக்கி?" என்றான் கிளைவ்.

"அதுல இன்னும் ஊருக்குள்ள ஒரு முடிவு வரல."

"அப்ப இத எதுமேலய்யா மாட்டுவே?"

நெவில் வீட்டுக்குப் போய்ப் பழைய கிரிக்கெட் மட்டையின் முதுகில் திருகாணி போட்டு மாட்டினான். ஊர் அணியில் அவன் பதினோராவது ஆள். மட்டைக்கும் வேறு பெரிய வேலை இருக்கவில்லை. துப்பாக்கி அடுத்த வருஷம், கண் இந்த வருஷம் என்பது அவன் கணக்கு.

குடிசை வாசலில் அதைப் பார்த்த மெர்வ் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "மாப்ளே, பவுலிங் யாரு போடப் போறா, மானா?" அவன் காசு முழுவதையும் புது ரைபிளில் போட்டிருந்தான். அதன் மேல் இருந்தது இனாமாக வந்த ஸ்கோப். "நீ வழக்கம்போல கிழங்கப் பாரு" என்றான்.

மானை வரவழைக்க, வாக்குவம் கிளீனரின் குழாயை வாயில் வைத்து முக்காரம் போடுவதில் மெர்வ் மன்னன். முதல் நாளே பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. மறுநாளும் வந்தது. இவன் ஊத, அது அலற, இவன் சீற, அது உறும.

"என்னா குரல் பாத்தியா! பன்னெண்டு கிளைக் கொம்பு இல்லாம இப்படி ஒரு தொண்டை வராது" என்று மெர்வ் உருகினான். ரோஸ்லினின் கல்யாணத்தில்கூட அவன் அப்படி உருகியதில்லை.

மூன்றாம் நாள் காலை எதிர்ச் சரிவின் கோரைப்புல்லில் பழுப்பாக ஏதோ அசைந்தது. மெர்வ் குப்புறப் படுத்துக் குறி வைத்தான். அவன் ஸ்கோப்பில் தெரிந்தது பழுப்புக் கறை. நெவில் பக்கத்தில் படுத்து மட்டையைக் கன்னத்தில் சாத்தினான்.

"மச்சான், அது தொப்பி போட்டிருக்கு."

"பேசாத, மூச்ச அடக்கிட்டிருக்கேன்."

"கம்பளித் தொப்பி. கிளைவோடது."

"கிளைவ் தொப்பிய மான் ஏன்டா போடுது?"

"டேய், கீழ வைடா!"

நெவில் தன் ஆயுசிலேயே கத்தியது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியில் மெர்வ் நிஜமாகவே கீழே வைத்துவிட்டான். நெவில் மறுபடி கண்ணாடியில் பார்த்தான். கிளைவின் கையருகே ஒரு மாட்டுக்கொம்பு கிடந்தது; ரெண்டு நாளாகப் பதிலுக்கு அலறியது அதுதான். கன்னத்தில் ரைபிள் இருந்தது. அதன் குழல் வாய் சுத்தமான வட்டமாகத் தெரிந்தது. வட்டமாகத் தெரிகிறதென்றால் அது நம்மையே பார்க்கிறது.

கத்திப் பயனில்லை, காற்று எதிர்க்காற்று. சும்மா எழுந்து நின்றால் அவனுக்குத் தெரிகிற கறை பெரிதாகும், அவ்வளவுதான். மான் ஒருநாளும் செய்யாததாக ஏதாவது செய்ய வேண்டும். நெவில் எழுந்து பாறைமேல் ஏறி நின்றான். மட்டையைப் பிடித்து, இடது காலை முன்னே வைத்து, இல்லாத பந்தை ஒரு கவர் டிரைவ் அடித்தான். இன்னொன்று. பிறகு ஒரு புல் ஷாட். ஆட்டத்தில் ஒருநாளும் அவனுக்கு அமையாத அடிகள்.

மட்டையைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தபோது கிளைவின் துப்பாக்கி தாழ்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது.

மத்தியானம் கிளைவ் ஓடையைத் தாண்டிக் குடிசைக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "கடைல இனாமா குடுக்கிற ஸ்கோப்தான் நானும் மாட்டியிருக்கேன்" என்றான். "கறையாத்தான் தெரிஞ்சுது. மான் கவர் டிரைவ் அடிச்சதும்தான் சந்தேகம் வந்துச்சு."

மெர்வ் மெதுவாகக் கேட்டான்: "என் குரல என்னன்னு நெனச்சே?"

"சொறி புடிச்ச கிழட்டு மான். பாவம், சுட்டுப் புண்ணியம் கட்டிக்கலாம்னு நெனச்சேன்."

சாக இருந்ததைவிட இது மெர்வுக்கு அதிகம் வலித்தது. "உன் குரலப் பத்தி நான் ரெண்டு நாளா எவ்வளவு பெருமையா பேசினேன் தெரியுமாடா?" என்று எகிறினான். யார் குரல் அசல் மான் குரல் என்று இருவரும் குழாயும் கொம்புமாகப் பொழுது சாயும்வரை மாறி மாறி அலறினார்கள். பிழைத்த பயத்தை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பசி வந்ததும் நெவில் பழக்கத்தில் கிழங்கு மூட்டையிடம் போனான். மெர்வ் அவனை இடித்துத் தள்ளிவிட்டுக் கத்தியை எடுத்தான். தோல் சீவ உட்கார்ந்தான். சீவியதில் பாதிக் கிழங்கு தோலோடு போனது.

நெவில் அடுப்போரம் சாய்ந்து, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தான்.

"கொஞ்சம் மெல்லிசா சீவு, மச்சான்."

மெர்வ் நிமிரவில்லை. "நீ சொல்றதும் சரிதான்" என்றான்.