ஸ்டிக்கர் ஒட்டாத கட்டில்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், வீட்டைக் காலி பண்ணிப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். அதன் கஷ்டம் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வீடு மாற்றித் தரும் தொழிலில் முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒன்பது வயதில் நான் வைத்த பெயர் ஸ்டிக்கர் மாமா.

போன மாதம் நான் வீடு மாறியபோது நாலு பேரிடம் விசாரித்து அவரையே பிடித்தேன். இடுப்பில் அகல பெல்ட், காதில் மார்க்கர் பேனா. இப்போது எதையும் தூக்குவதில்லை, தூக்குகிறவர்களை விரட்டுவதோடு சரி. "மாமா, என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டு பீரோவைக் காட்டும்மா, சொல்லிடறேன். மூஞ்சியெல்லாம் எனக்கு நிக்காது" என்றார்.

அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கிடங்கில் மூட்டை தூக்க ஆரம்பித்தவர். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் ஆறு பேரை வைத்து வேலை வாங்கும் ஆளானார். இடது கால் கட்டைவிரலில் நகம் கிடையாது. ஒரு வாஷிங் மெஷின் மாடிப்படியில் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஊரில் பாதி வீட்டை மாற்றிவிட்டவர், தான் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறார். "நீங்க கட்டுற லட்சணம் எனக்குத் தெரியும், என் பாத்திரத்துல கை வைக்காதீங்க" என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். மூக்குக்கு மேல் கோபம் வரும் அவருக்கு. ஆனால் சாமானை மட்டும் பூ மாதிரிதான் வைப்பார்.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. முந்தின நாளே வந்து ஸ்டிக்கர் சுருளைக் கொடுத்துவிட்டுப் போவார். எது எங்கே போக வேண்டும் என்று வீட்டுக்காரர்களே ஒட்டிவைக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத சாமானை அவருடைய ஆட்கள் தொடவே மாட்டார்கள். ஒரு வீடு இரண்டாகும்போது இரண்டு நிறம், இரண்டு லாரி. எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சிவப்பு, அம்மாவுக்கு நீலம்.

எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. கேட்பவர்களுக்கு நல்ல விஷயமாகத் தோன்றும். உள்ளே இருந்து பார்த்தால்தான் தெரியும். அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி ஒருவரோடொருவர் பேசுவார்கள். ஒரு வருடம் அப்படிப் பேசிவிட்டு, ஒருநாள் என்னைச் சோபாவில் நடுவில் உட்காரவைத்து, பிரிந்து இருக்கப்போவதாகச் சொன்னார்கள். அம்மாவோடு நாலு நாள், அப்பாவோடு மூன்று நாள் என்றார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டியதைப் பார்த்து எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

வீடு காலி பண்ணுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஸ்டிக்கர் ஒட்டும்போதும் அதே மரியாதைதான்.

"மிக்சியை நீயே வச்சுக்கோ."

"வேண்டாம், நீங்க எடுத்துக்கோங்க. உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

"பரவாயில்ல, நான் வாங்கிக்கறேன்."

மிக்சிக்கு மட்டும் கால் மணி நேரம். டிவி, சாப்பாட்டு மேசை, துடைப்பம்கூட நிறம் வாங்கிக்கொண்டது. நான் என் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து எனக்கு என்ன நிறம் வரும் என்று காத்திருந்தேன். இரண்டு பேரும் தனித்தனியாக வாசல்வரை வந்தார்கள். கையில் சுருள் இருந்தது. எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு பண்ணிட்டு இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் எழுந்து கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தேன். அடியில் குனிந்தும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அதற்கு எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் நான் வேண்டாம். துடைப்பத்துக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று மதியத்துக்குள் வீடு காலியாகிவிட்டது. ஆட்கள் என் அறை வாசலில் வந்து நின்று, ஸ்டிக்கர் இல்லை என்று பார்த்துத் திரும்பிப் போனார்கள். கீழே அம்மா நீல வண்டிப் பக்கம், அப்பா சிவப்பு வண்டிப் பக்கம். மேலே கட்டில், என் படிப்பு மேசை, சைக்கிள், துணிப்பெட்டி, நான். பேசினால் எதிரொலித்தது.

கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்க ஸ்டிக்கர் மாமா ஏறி வந்தார்.

"பாப்பா, எந்திரி. இது எந்த வண்டி?"

"ஸ்டிக்கர் இல்ல மாமா."

"கீழ விழுந்திருக்கும்." மண்டி போட்டுத் தேடினார். மேசைக்குப் பின்னால் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழக்கூடாது என்று கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ யார் வண்டியில் போகப் போகிறாய் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். டீச்சர் கேட்டிருந்தார், பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருந்தார், ஃபோனில் அத்தை கேட்டிருந்தார். யாரைப் பிடிக்கும், யாரோடு இருப்பாய். அவர் கேட்கவில்லை. இன்றுவரை அதற்காக அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேராக பால்கனிக்குப் போய்க் கத்தினார்.

"வண்டிய எடுக்காதே! சார், மேடம், ரெண்டு பேரும் மேல வாங்க!"

வந்தார்கள். ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசலில் இடித்துக்கொண்டார்கள்.

"இந்த ரூமை யாரு மறந்தது?"

"மறக்கல," என்றார் அம்மா. "புது இடத்துல அவளுக்குத் தூக்கம் வராது. அவர் வீட்டுல இந்தக் கட்டில் இருந்தா தூங்குவான்னு... அவர் ஒட்டுவார்னு நெனச்சேன்."

"நான் எப்படி ஒட்டுறது?" என்றார் அப்பா. "அவகிட்டேருந்து பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போற மாதிரி இருக்கும். அவளே ஒட்டிப்பான்னு இருந்தேன்."

விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, கடைசியில் என்னை நடு வீட்டில் விட்டுவிட்டார்கள்.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மிக்சிக்கு ஒட்ட கை வந்துச்சுல்ல? இந்தாங்க, இப்ப ஒட்டுங்க" என்று இரண்டு சுருளையும் நீட்டினார். அப்பா நீலத்தை எடுத்தார். அம்மா சிவப்பை எடுத்தார்.

"அட ராமா! மறுபடியும் அதேவா?" மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அவங்கவங்க கலரை எடுங்க. பிள்ளை காலையிலேர்ந்து ஸ்டிக்கர் தேடிட்டு உக்காந்திருக்கு. எனக்கு வேணும்னு சொல்ல ரெண்டு பேருக்கும் வாய் வராதா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்திருந்ததைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன். நீலச் சுருளைப் பிடுங்கி, கட்டில் தலைமாட்டில் ஒன்றை அறைந்து ஒட்டினார். "எனக்கு வேணும்."

அம்மா கையிலிருந்த சிவப்புச் சுருளை அப்பா வாங்கிக்கொண்டார். நீலத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பை ஒட்டினார். "எனக்கும் வேணும்."

"இப்பதானே நான் ஒட்டினேன்?"

"ஒட்டினா? எனக்கு வேண்டாம்னு எப்ப சொன்னேன்?"

"நேத்து முழுக்க வாயத் தெறக்கல!"

"நீ மட்டும் தெறந்தியா?"

என் வாழ்க்கையில் அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் உயர்ந்தது. அம்மா அழுதுகொண்டே கத்தினார். அப்பா மேசையில் சிவப்பு ஒட்டினார், அம்மா அதன்மேல் நீலம் ஒட்டினார். சைக்கிளின் மணியில்கூட இரண்டு ஸ்டிக்கர். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பயமே இல்லை. சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வீட்டில் இருந்ததில்லை.

கட்டில் அம்மா வண்டியில் போனது. மேசையும் சைக்கிளும் அப்பா வண்டியில் போயின. அவர்கள் மறுபடி சேரவில்லை. பிற்பாடு எத்தனையோ நாள், பை தூக்கி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது, அழுகை வந்திருக்கிறது. ஆனால் நான் யாருக்கும் வேண்டாதவள் என்ற எண்ணம் மட்டும் திரும்ப வரவே இல்லை. அந்த ஒன்றுக்காக அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும், அவர் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்று மாமா அவர்களைத் தடுக்கவில்லை. பால்கனிச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழேயிருந்து அவருடைய ஆள் பொறுமை இழந்து கூப்பிட்டான்.

"அண்ணே, நேரமாகுது! அது எந்த வண்டி?"

தெருவுக்கே கேட்கும்படி மாமா கத்தினார்.

"இருடா! ரெண்டு பேருக்கும் வேணுமாம்!"