மறியலுக்கு நடுவே ஈசல் பொரி

புரட்டாசி சனிக்கிழமை, காலை ஏழு மணி. சின்னசேலத்தில் என் தங்கை செல்வியின் வீட்டு வாசலில் நின்று, மாப்பிள்ளையின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. மறியல் தொடங்குவதற்கு முன்பே சேலத்திலிருந்து ரயிலில் வந்தவன், அப்படியே மாட்டிக்கொண்டேன்.

செல்விக்கு மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தரித்துத் தங்காமல் போனது. இந்தத் தடவை மசக்கை அவளைப் போட்டு வாட்டிவிட்டது. கஞ்சி கொடுத்தால் கஞ்சி திரும்பி வந்தது, மோர் கொடுத்தால் மோர். ஏதாவது வயிற்றில் தங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சேலத்துக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். எந்தச் சாலை வழியாகக் கொண்டுபோவது என்று அவர் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டால் ஒரே பதில்தான்.

"ஈசல் பொரி இருந்தா தின்னுவேண்ணா."

தின்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை விட்ட சாயங்காலம் கரையான் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்து, வெறும் சட்டியில் வறுத்து, இறகைப் புடைத்துத் தள்ளிவிட்டு, பொரித்த அரிசியோடு கலப்பார்கள். அவ்வளவுதான். எங்கள் அம்மா அரிக்கேன் விளக்குக்குக் கீழே தண்ணீர்க் குண்டானை வைத்து ஈசல் பிடிப்பாள். மறுநாள் நான் கால்சட்டைப் பையிலும், செல்வி பாவாடை மடியிலும் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். வேர்க்கடலை வறுத்த வாசனை, அதற்கடியில் நெய் மாதிரி ஒன்று. செல்வி அந்தப் பேரைச் சொன்னதுமே எனக்கும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சி. பதினாறு கிலோமீட்டர் தூரத்தில் பாதி நேரம் நான் சைக்கிளில் போனேன், மீதி நேரம் சைக்கிள் என் தோளில் போனது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. பொரிகடலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஈசலா? இன்னாய்யா, தூங்கி எழுந்து நேரா வந்துட்டியா? முன்னல்லாம் ஆழாக்குல அளந்து விப்போம். இப்போ வரப்புல புத்து எங்க இருக்குது? எல்லாம் கரும்பா போட்டுட்டானுங்க. வோணும்னா மலைக்குப் போ."

"மலையில கெடைக்குமாங்க?"

"நானா மலை மேல குந்திக்கினு இருக்கேன்? போய்ப் பாரு!" என்றவர், கேட்காமலே ஒரு கை பொரியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

மதியம் ஒரு மணிக்குக் கச்சிராயபாளையம். ஊருக்கு முன்னால் பெரிய புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஈசல் தேடி மலைக்குப் போகிறேன் என்றதும் ஒரே சிரிப்பு. "நாங்க வேலை கேட்டுக் குந்திக்கினு இருக்கோம், சாரு ஈசல் கேட்டுக் கெளம்பிட்டாரு!" என்றார் ஒருவர். ஆனாலும் வழி விட்டார்கள். கோமுகி அணையைத் தாண்டி, அடிவாரத்து டீக்கடையில் ஐம்பது காசுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, சைக்கிளை அங்கேயே விட்டேன். மேலே நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டு நன்றாக நனைத்துவிட்டுப் போனது.

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில் இடுப்பளவு புற்று. அதிலிருந்து புகை கிளம்புவது போல ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தோளில் கிடந்த துண்டை விரித்து, இரண்டு கையாலும் வாரினேன்.

"யாரு அது, என் புத்துல கை வெக்கிறவன்? கண்ண எங்கியாவது கழட்டி வெச்சுட்டு வந்தியா?"

முறமும் பானையுமாக ஓர் அம்மா வந்து நின்றார். பேர் குப்பாயி என்று பிறகு தெரிந்தது. புற்றின் தலையில் செருகியிருந்த ஆவாரங்கிளையை அப்போதுதான் காட்டினார். முதலில் யார் கிளை செருகுகிறார்களோ அந்தப் பருவத்துக்குப் புற்று அவர்களுடையது, வேறு யாரும் தொடமாட்டார்கள், அதுதான் அங்கே வழக்கமாம். காலையிலிருந்து கிளைகளைத் தாண்டித் தாண்டியே வந்தவன் நான். இன்னொரு கிளை கண்ணில் உறைக்கவே இல்லை.

தப்புதான் என்று துண்டை அவர் பானையில் உதறினேன். பிறகு தங்கை விஷயத்தைச் சொன்னேன். குப்பாயி முறத்தைக் கீழே வைத்தார்.

"எத்தினி மாசம்?"

"மூணுங்க. ரெண்டு தடவ நிக்கல."

"அத மொதல்லயே சொல்றதுக்கின்னா, வாய்ல புண்ணா?"

அவர் வீட்டில்தான் அன்று தங்கினேன். ஈசலை வறுத்து, முறத்தில் புடைத்து, பொரித்த சாமையும் உப்பும் கிள்ளிய மிளகாயும் சேர்த்தார். அந்த வாசனையில் எனக்கு வயது எட்டாகிவிட்டது. விலை கேட்டேன்.

"காசு வாங்குனா இது ஒன்னுது, நீ தின்னலாம். வாங்கலன்னா புள்ளத்தாச்சிது. எடுத்துக்கினு போறவன் ஒண்ணுகூட வாய்ல போடக் கூடாது. எப்பிடி வோணும்?"

புள்ளத்தாச்சிக்கே இருக்கட்டும் என்றேன். எனக்கு அன்று சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அவர் வீட்டுக்காரர், தன் பங்கு ஈசலை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்தபடி, "பாவம், மச்சான் மொகத்தப் பாரு" என்று என்னைக் காட்டி மனைவியிடம் சொன்னார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் அதே புளியமரம். ஆட்கள் மட்டும் வேறு.

"மூட்டையில இன்னாங்க?"

"ஈசல் பொரி."

மரத்தின்மேல் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் ஒருவர் கையை நீட்டியே விட்டார். "கொஞ்சம் குடுங்களேன். பாத்து எத்தினி வருசமாச்சு!"

"புள்ளத்தாச்சிக்குங்க. காசு குடுக்காம வாங்கினது."

நீட்டிய கை அப்படியே மடங்கியது. "அப்போ நீ தின்னியா?"

"இல்ல."

"மோந்தாவது பாத்தியா?"

"மடியில வெச்சுக்கினு மோந்துக்கினேதான வரேன்!"

"மோப்பம் கணக்குல வராது, இங்க குடு" என்று மீசைக்காரர் மூட்டையை வாங்கி மூக்கில் வைத்தார். கண்ணை மூடினார். அடுத்தவரிடம் தந்தார். மூட்டை மறியல் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சு அவிழாமல் என்னிடம் திரும்பி வந்தது. பிறகு நாலு பேர் சேர்ந்து சைக்கிளையே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "சீக்கிரம் போ, நமுத்துடப் போவுது!" என்று ஒருவர் கத்தினார்.

மதியம் பன்னிரண்டு மணிக்குச் சின்னசேலம். செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் வாளியோடு பக்கத்தில் நின்றார். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். மாப்பிள்ளை வாளியை நீட்டினார்.

"இது அம்மா வறுத்த மாதிரி இல்லண்ணா. அம்மா மொளகா போடமாட்டா."

"சரி வுடு. கொமட்டுதா?"

அவள் இன்னொரு பிடி அள்ளினாள். பிறகு புருஷனைப் பார்த்து, "அந்த வாளிய எடுத்துக்கினு அப்பால போ. அதப் பாத்தாதான் கொமட்டுது" என்றாள்.

எதுவும் திரும்பி வரவில்லை. சாயங்காலம் கஞ்சி கேட்டாள். மிச்சப் பொரியை முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றுகூட நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

சாலை திறந்த பிறகு சேலத்துக்குத் திரும்பினேன். பங்குனியில் பெண் பிறந்தது. ஈசல் பொரி என்றால் செல்விக்கு இப்போது இரண்டு ருசி: அம்மா வறுத்தது ஒன்று, மிளகாய் போட்டது ஒன்று. எனக்கு இன்றைக்கும் அம்மா வறுத்தது மட்டும்தான்.