ஆபீசருக்குக் கேட்ட சாவிச் சத்தம்

தையல்கடைத் தெருவில் அவளை எல்லோரும் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பித்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூல் கட்டுகிறதுதான் காஜா. மாஸ்டர் வெட்டுவார், மற்றவர்கள் தைப்பார்கள், கடைசியில் காஜாவுக்கும் பித்தானுக்கும் துணி அவள் மடிக்கு வரும். “நீ கட்டின பித்தானைப் பிடிச்சு ஆளையே தூக்கலாம்மா” என்பார் மாஸ்டர். சும்மா சொல்லக் கூடாது, சட்டை கிழிந்தாலும் அவள் பித்தான் நிற்கும்.

அவள் கணவர் வேறு யாருமில்லை, அவளுடைய பெரியப்பா வீட்டு மூத்த மருமகளின் கடைசித் தம்பி. ஊரெல்லாம் பெண் தேடிவிட்டு, அக்கா புகுந்த வீட்டிலேயே கண்டுபிடித்த மனிதர். பெரிய கடைத்தொகுதி ஒன்றில் காலையில் ஷட்டர்களைத் திறந்து மாலையில் பூட்டுகிற வேலை. வேலைச் சாவிகளை ஆபீசில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஆனாலும் இடுப்பில் தொங்குகிற கொத்து மட்டும் இளைக்காது. எப்போதோ மாற்றிப்போட்ட பூட்டுகளின் பழைய சாவிகளையெல்லாம் அதில் கோத்து வைத்திருப்பார்.

“பூட்டே இல்லாத சாவிக்கு என்னங்க வேலை?” என்பாள்.

“சத்தம் போடுற வேலை. நான் வரேன்னு உனக்குத் தெரிய வேணாமா?”

அவளுக்கு முன்னால் அது ஆபீசருக்குத் தெரிந்துவிடும். ஆபீசர் அவர்கள் வீட்டுப் பூனை. பிள்ளை இல்லாத வீட்டில் மழைக்கு ஒதுங்கிய சாம்பல் நிறக் குட்டி, வந்த அன்றே அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. பிறகு அந்தப் பதவியை விடவே இல்லை. படியில் சாவி குலுங்கினால் போதும், எந்த மூலையில் தூங்கினாலும் வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு ஓடும். அவர் குனிந்து கொத்தை அதன் மூக்கருகே நீட்டுவார். “ஆபீசர், எல்லாக் கடையும் பூட்டியாச்சு. சரி பாத்துக்கோங்க.” அது மோந்து பார்த்துவிட்டுக் கொத்தைத் தலையால் ஒரு முட்டு முட்டும். அதற்குள் அடுப்பில் டீக்கு இரண்டு கப் தண்ணீர் ஏறியிருக்கும்.

ஒரு நாள் ஷட்டரை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையில் சட்டை, செருப்பு, சாவிக்கொத்து மூன்றும் வீட்டுக்கு வந்தன.

வந்த சனம் கலைந்த பிறகு, அவள் தம்பி மட்டும் கூட இருந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். வாயாலேயே பந்தல் போடுவான், ஆனால் அக்கா மேல் உயிர். பையிலிருந்து கொத்தை எடுத்து ஆணியில் மாட்டப் போனான். குலுங்கியது. கட்டிலுக்கடியிலிருந்து ஆபீசர் பாய்ந்து போய், சாத்தியிருந்த கதவைப் பார்த்து உட்கார்ந்தது.

“அடப்பாவி, உனக்கு யாருமே சொல்லலியாடா” என்று தம்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பூனையைப் பார்த்து அழுதவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவளும் எழுந்திருந்தாள். அடுப்புப் பக்கம் கை நீண்ட பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த ஒரு நொடி அவர் படியில் ஏறிக்கொண்டிருந்தார். நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்துத் தம்பி கேட்டான். “அக்கா, ஆபீசர் ஓடுறத ஒரு வீடியோ எடுத்துப் போடவா? அத்தான் செத்ததெல்லாம் சொல்ல வேணாம். எழவு வீட்டை யாரு பாப்பாங்க? சிரிச்சாத்தான் பாப்பாங்க.”

திட்டுவாள் என்று நினைத்தான். அவள் ஊசியில் நூல் கோத்தபடி, “எடுத்துக்கோ. ஆனா சாவிய எப்போ குலுக்கப் போறேன்னு என்கிட்ட சொல்லாத” என்றாள்.

“இயற்கையா இருக்கணும்கிற. டைரக்டர்க்கா நீ!”

அவள் அடுத்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். தம்பி போனை அலமாரியில் சாய்த்துவிட்டு, கொத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கீழே போவான். சில சமயம் உடனே வருவான், சில சமயம் வெகு நேரம் வரமாட்டான். அவள் கடையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குப் பித்தான் கட்டிக்கொண்டே இருப்பாள். மறந்துபோகிற நேரமாகப் பார்த்துப் படியில் குலுங்கும். பூனை ஓடும். அவளுக்கும் அந்த ஒரு நொடி கிடைக்கும்.

பாட்டும் கூத்துமாக இசை சேர்த்து, ‘ஓனர் வந்துட்டார், ஆபீசர் அட்டென்ஷன்!’ என்று எழுதிப் போட்டான். தீப்பிடித்த மாதிரி பரவியது. முன்பின் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ‘என் பொண்டாட்டிகூட இப்படி ஓடி வந்ததில்ல’ என்று ஒருவன் எழுதினான். ‘நீ என்னிக்காவது ஒழுங்கா வீட்டுக்கு வந்தியா?’ என்று கீழேயே அவன் பொண்டாட்டி எழுதினாள். தம்பி சொல்லித் தெரிந்துகொண்டு, சட்டை வாங்க வருகிறவர்கள்கூட, “நீங்கதானே ஆபீசர் வீட்டு அக்கா? சார் குடுத்து வச்சவரு” என்றார்கள். மாஸ்டர் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். அவள், “ஆமாங்க” என்று மட்டும் சொல்லுவாள்.

பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? சாரைக் காட்டுங்க, உள்ளே வர்றதைக் காட்டுங்க என்று நச்சரித்தார்கள். தம்பிக்கு ஒரு யோசனை வந்தது.

“இடுப்புக்குக் கீழ மட்டும் காட்டிடலாம்க்கா. அத்தான் சட்டையும் செருப்பும் குடு. ஒரே ஒரு தடவை.”

வேண்டாம் என்றுதான் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கதவு திறந்து அந்தச் சட்டை உள்ளே வரும் என்று நினைத்தபோது வார்த்தை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவசரத்தில் கத்தரித்திருந்த பித்தானை உட்கார்ந்து கட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம். சாவி குலுங்கியது. ஆபீசர் ஓடியது. கதவு திறந்தது. இதுவரை திறக்காத கதவு அன்று திறந்தது. அவர் சட்டை, அவர் செருப்பு. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். ஆபீசர் செருப்பில் கன்னத்தைத் தேய்த்தது, கால்சட்டையைச் சுற்றி வந்தது, தொண்டைக்குள் என்னென்னவோ சொன்னது. கொத்து கீழே இறங்கியது. மோந்து பார்த்தது. பிறகு கையை மோந்தது. அப்புறம் மெல்ல நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது.

அப்படியே பின்னால் போனது. திரும்பிக்கூட நடக்கவில்லை, அந்த முகத்தைப் பார்த்தபடியே பின்வாங்கிக் கட்டிலுக்கடியில் நுழைந்துகொண்டது. அவளும் தான் கட்டின பித்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு முந்தையதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு அந்த வீடியோ ஓடியது. ‘ஆபீசருக்கு லஞ்சம் கம்மி போல’ என்று சிரித்தார்கள்.

அதன் பிறகு ஆபீசர் சாவிக்கு எழுந்திருக்கவில்லை. தம்பி படியில் குலுக்கினான், ஜன்னலருகே குலுக்கினான், வறுத்த மீனை வாசலில் வைத்துக் குலுக்கினான். அது காதைக்கூட அசைக்கவில்லை. யாரும் இல்லாத ஒரு நாள் அவளே ஆணியிலிருந்து எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். வெறும் இரும்புச் சத்தம் கேட்டது. அவளுக்கும் அவ்வளவுதான் கேட்டது.

தம்பி மறுபடி போனோடு வந்தபோது அவள் சொன்னாள்: “போதும்டா. இந்த வீட்ல அவரு வருவாருன்னு இன்னும் நம்பிக்கிட்டிருந்தது ரெண்டே பேரு. அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“ரெண்டு பேரா? இன்னொண்ணு யாருக்கா?”

அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். “முத வீடியோவப் போடு. வெட்டாதது இருக்கா?”

ஊருக்குக் காட்டியது பூனையை மட்டும் பெரிதாக்கி வெட்டியது. முழுதும் அவன் போனில் கிடந்தது, அவனே அதைச் சரியாகப் பார்த்ததில்லை. போட்டான். அறை முழுவதும் தெரிந்தது. படியில் சாவி குலுங்குகிறது. பூனை ஓடுகிறது. ஓரத்தில், மடியிலிருந்த சட்டை நழுவ ஒரு பெண் எழுகிறாள், கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறாள், கதவைப் பார்த்துச் சிரிக்கிறாள். கை அடுப்பை நோக்கிப் போகிறது. பாதியில் நிற்கிறது.

“அக்கா... ஒவ்வொரு தடவையுமா?”

“ம்.”

“எல்லாத்தையும் அழிச்சிடுறேன்க்கா. இப்பவே.”

“பூனை வர்றதெல்லாம் அழிச்சிடு. என்னை மட்டும் வெட்டி எடுத்து வச்சுக்க முடியுமா? கை பாதியில நிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும்.”

அவன் கண்ணைத் துடைத்துத் துடைத்து வெட்டினான். சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தான். போனுக்குள் சாவி குலுங்கியது. நாற்காலியில் சுருண்டிருந்த ஆபீசர் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தம்பிக்கு ஒரு கப் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் நின்றுவிட்டு, தனக்கும் ஒன்று ஊற்றினாள்.