ஏழும் ஒண்ணும்

அந்தப் பட்டறையில் எட்டு என்ற எண்ணை யாரும் வாயால் சொல்வதில்லை. ஏழும் ஒண்ணும் என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவன் சிரிப்பான், ராசியில்லாத நம்பரா அக்கா என்று கேட்பான். அக்கா டயலைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ராசியாவது மண்ணாங்கட்டியாவது. நடந்தது வேறு.

பட்டறையை அவளும் புருஷனும் நடத்துகிறார்கள். தேய்ந்த டீசல் இன்ஜினின் இரும்பு உடம்பான பிளாக்கைக் கடைந்து கொடுக்கிற வேலை. பிளாக்கில் ஒவ்வொரு ஓட்டையின் மேல்விளிம்பிலும் ஒரு சின்னப் படி இருக்கும். லைனர் என்கிற இரும்புக் குழாயின் கழுத்து அந்தப் படியில்தான் உட்காரவேண்டும். படி கெட்டால் தண்ணீர் எண்ணெயில் கலந்து, ஓடுகிற இன்ஜின் நடுவழியில் இறுகி நின்றுவிடும். அதனால் படியைத் துளித்துளியாகச் சீவிச் சமமாக்குவார்கள். அவன் கட்டரைப் பிடிப்பான், அவள் ஆழம் காட்டுகிற டயலைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தி, வீட்டிலும் இருவருக்கும் அதே தொண்டைதான். அக்கம்பக்கத்தார் சண்டை என்று நினைப்பார்கள். பாதி நாள் அது சண்டையேதான்.

அன்று மெஷினில் ஏறியிருந்தது அவள் அண்ணனின் படகு இன்ஜின். ஏரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றுகிற படகு. நான்காவது படியில் எட்டு பாயிண்ட் சீவினால் போதும். முள் எட்டைத் தொட்டதும், நிறுத்து என்ற அர்த்தத்தில், "எட்டு" என்று கத்தினாள். அவன் காதில் "எடு" என்று விழுந்தது. எடுத்தான். எட்டு எட்டு என்று இவள் அலற, சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் எடுத்தான் அந்த மகராசன். பாய்ந்துபோய் அவன் கையைத் தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் கட்டர் முனை படியின் மூலையைக் குத்திக் கீறிவிட்டது.

ஆழம் கூடிப்போனால் மருந்து உண்டு; தடித்த வளையம் ஒன்றைப் போட்டு லைனரைத் தூக்கிக்கொள்ளலாம். மூலையில் விழுந்த கீறல் அப்படியல்ல. விரிசல் பிறப்பதே அங்கேதான். பிளாக்கைப் பெரிய பட்டறைக்கு அனுப்பிப் படியையே புதிதாக வைக்கவேண்டும். அதுவரை படகு கரையில் கிடக்கும். என் தங்கச்சி கை பட்டால் போதும் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிற அண்ணனிடம் இதை எந்த மூஞ்சியோடு சொல்வது?

"வளையத்தப் போட்டு மூடிடலாம். நீ வாயத் தொறக்காத," என்றான் புருஷன்.

கத்தியதும் அவள், தட்டியதும் அவள். தலையாட்டினாள்.

தண்ணீர் ஏற்றிச் சோதித்தார்கள், ஒழுகவில்லை. இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள், வெண்ணெயாக ஓடியது. அவளுக்குத்தான் அடுக்களையில் ஒரு டம்ளர் உருண்டால்கூட நாலாவது படி உடைந்த மாதிரி இருந்தது. படகில் பூட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜின் சத்தமே மாறிப்போச்சு தங்கச்சி என்று அண்ணன் போனில் புகழ, திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றாள்.

முதல் ஓட்டத்தன்று நீ வந்தே ஆகவேண்டும் என்றான் அண்ணன். படகுத்துறையில் நின்றாள். சனங்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பயத்தில் அவர்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசியாக அண்ணன் மகள் பையோடு ஓடிவந்து, அத்தைக்குக் கையாட்டிவிட்டு இன்ஜின் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டாள். இன்ஜின் இறுகி நின்றால், ஏரி நடுவில் ஆழம் எவ்வளவு என்று அந்த நேரம் பார்த்தா நினைப்பு வரவேண்டும்?

அண்ணன் சாவியில் கை வைத்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தான். "என்ன தங்கச்சி, எடுக்கட்டுமா?"

அதே வார்த்தை.

"எடுக்காத," என்றாள். அவன் கேலி என்று நினைத்தான். "எடுக்காதண்ணே. நாலாவது படியில கீறல் விழுந்திருக்கு. நாங்க மறைச்சிட்டோம்."

சனங்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். இன்ஜின் திரும்பவும் பட்டறைக்கு வந்தது. மூடியைக் கழற்றி, நான்காவது லைனரை உருவினார்கள். கீறல் இருந்த இடத்திலிருந்து மயிரிழையாக ஒரு விரிசல் கிளம்பி, படியில் பாதி வட்டம் ஓடியிருந்தது. மிச்சமும் ஓட எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? புருஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணன் விரிசலின்மேல் நகத்தை வைத்து மெதுவாக நகர்த்தினான். அது முடிகிற இடம்வரை போய் நிறுத்தினான்.

"அன்னிக்குப் படகுல எத்தன பேரு உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டான்.

"ஏழு பேரு," என்றாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் சொன்னாள்.

"அப்புறம் நம்ம புள்ள ஒண்ணு."